பொது ஃபோல்டரில் இருந்த கை

எங்கள் மையத்தில் கை வராதவர்களுக்குக் கையை வரவைக்கும் வேலை. பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்தவர்கள், விபத்தில் நரம்பு போனவர்கள் எல்லாரும் வருவார்கள். காதுக்குப் பின்னால், தோலுக்கடியில், அரிசி அளவுக்கு ஒரு சில்லை வைத்துத் தைப்பார்கள். அங்கிருந்து தோள் வழியாக விரல் வரைக்கும் இழைகள் போகும். மூளை நினைப்பதைச் சில்லு வாங்கிக் கைக்குச் சொல்லும். வைத்துத் தைப்பது டாக்டர்களின் வேலை. உள்ளே ஓடுகிற புரோகிராம் என் வேலை. என் பெயர் மனோகரன், வயது நாற்பத்தொன்பது. மையம் கோயம்புத்தூரில், அவினாசி ரோட்டில் இருக்கிறது.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். அழகாகச் சொல்ல எனக்கு வராது.

அந்தப் புரோகிராமை ஒரு ஸ்கிரிப்ட் மொழியில் எழுதியிருந்தேன். அந்த மாதிரி மொழிகளில் கம்ப்யூட்டர் ஒவ்வொரு வரியாகப் படித்துப் படித்துச் செய்யும். எழுதுவது சுலபம், திருத்துவதும் சுலபம், ஆனால் வேகம் இருக்காது. டம்ளர் நழுவும்போது அடுத்த வரியைப் படித்துக்கொண்டிருந்தால் டம்ளர் தரையில் கிடக்கும். அதனால் கைக்கு அவசரமாகத் தேவைப்படுகிற அறுபத்திரண்டு அசைவுகளை மட்டும் தனியாக எடுத்து, இயந்திரத்துக்கு நேரடியாகப் புரிகிற வடிவத்துக்கு மாற்றி வைத்துவிடுவோம். டம்ளரைப் பிடி, மணிக்கட்டைத் திருப்பு, பட்டன் போடு, சோற்றைப் பிசை, மெதுவாகத் தொடு, இப்படி அறுபத்திரண்டு. மாற்றுவதைக் கம்பைல் என்போம். மாற்றியதைப் போட்டு வைக்கிற இடத்துக்கு பில்ட் ஃபோல்டர் என்று பெயர். அடுத்த தடவை அந்த அசைவு வேண்டுமென்றால் புரோகிராம் முதலில் ஃபோல்டரில் தேடும். இருந்தால் எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால்தான் மறுபடி கம்பைல்.

மற்ற புரோகிராம்களில் கம்பைல் பண்ண ஒரு நிமிடம் ஆகும். எங்களுடையதில் பதினோரு நாள். ஏனென்றால் அந்த ஆளுடைய உடம்பை வைத்துத்தான் அது செய்யப்படுகிறது. அவர் கையைத் தூக்க முயல வேண்டும், தோற்க வேண்டும், மறுபடி முயல வேண்டும். ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை. கை முறுக்கிக்கொள்ளும். ஆண்கள்கூட வாய்விட்டு அலறுவார்கள்.

எந்த ஃபோல்டரில் போட்டு வைப்பது என்பதை அமைப்புக் கோப்பில் ஒரே வரியில் எழுத வேண்டும். முதலில் அவரவர் இடுப்பில் கட்டியிருக்கிற, சில்லை ஓட்டுகிற பேட்டரிப் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தேன். பேட்டரி முழுசாகத் தீர்ந்தால் அது அழிந்துவிடும் என்பதை நான் யோசிக்கவில்லை. ஸ்டீபன் என்று ஓர் ஆட்டோக்காரருக்கு இரண்டு தடவை அழிந்தது. மூன்றாவது தடவை கம்பைல் செய்தபோது நான்காம் நாள், அவர் என்னைப் பார்த்து, "சார், கையே வேண்டாம். தோளோட வெட்டி உட்ருங்க" என்றார். கத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

அன்று சாயந்திரம் அந்த வரியை மாற்றினேன். எல்லாருக்கும் மையத்தின் பொதுக் கம்ப்யூட்டரில் ஒரே ஃபோல்டர், அங்கிருந்து சில்லில் ஏறும், பேட்டரி போனாலும் அழியாது.

மறுநாள் ஸ்டீபனுக்கு ஒரு மணி நேரத்தில் கை வந்துவிட்டது. அடுத்து வந்தவருக்கும் ஒரு மணி நேரம். அதற்கடுத்தவருக்கும். பழைய நோயாளிகளையும் கூப்பிட்டுப் புது அமைப்புக்கு மாற்றினோம். எனக்கு மேடையில் பொன்னாடை போட்டார்கள். பதினோரு நாள் எப்படி ஒரு மணி நேரமானது என்று யாரும் கேட்கவில்லை. நானும் பார்க்கவில்லை. ஒழுங்காக ஓடுகிற புரோகிராமைத் திறக்காமல் விடுவது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் உள்ள பழக்கம்.

ஆறு மாதம் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை சிந்தாமணி அம்மா என் அறைக்கு வந்தார். கருமத்தம்பட்டிக்காரர். ஐம்பது, ஐம்பத்திரண்டு வயது இருக்கும். கூடவே அவர் கணவர் நாச்சிமுத்து. எங்களிடம் வலது கை வாங்கியவர்.

"மனோகரன் சாருங்கறது நீங்களுங்களா? டாக்டரம்மா உங்களைப் பாக்கச் சொன்னாங்க. என்ற ஊட்டுக்காரருக்குக் கை மாறிப்போச்சுங்."

"மாறிப்போச்சுன்னா? வலிக்குதுங்களா?"

"வலியெல்லாம் ஒண்ணும் இல்லீங். இது வேற ஆளோட கையுங்."

நாச்சிமுத்து மின்விசிறியைப் பார்த்தபடி, "ஆறு மாசமா இதே பேச்சுதானுங். கை வேல செய்யுது, அதுக்கு மேல என்னத்தைக் கேக்கறது. நான் சொன்னா எங்கீங்க கேக்கறா" என்றார்.

"நீங்க சித்தெ சும்மா இருங்க மாமா." என்னிடம் திரும்பினார். "போன வாரம் எனக்குக் காய்ச்சலுங். இவரு வந்து நெத்தியில உள்ளங்கைய வெச்சுப் பாத்தாரு."

"பாசமாத்தானேங்க பாத்திருக்காரு."

"பாசம் இல்லைன்னு ஆருங்க சொன்னது? முப்பத்தோரு வருசமா இவரு பொறங்கையக் கழுத்துல வெச்சுத்தான் பாப்பாரு. பவுண்டரியில மோல்டருங் இவரு. மணலும் சூடும் பட்டு உள்ளங்கை காய்ச்சுப்போய் மரக்கட்டையாட்ட இருக்கும். அதுல காய்ச்சல் தெரியாதுங். அதுக்கோசரம் கையத் திருப்பி வெப்பாரு. உள்ளங்கையில காய்ச்சல் பாக்கறவன் எவனா இருந்தாலும் நோகாம ஒக்காந்து பொழைக்கறவனுங். அவன் ஆருன்னு எனக்குத் தெரியோணும்."

"அம்மா, பக்கவாதம் வந்த பிறகு பழக்கங்கள் கொஞ்சம் மாறலாம்."

"நான் பனியன் கம்பெனில செக்கிங்குங். இருவத்திரண்டு வருசமா ஒரே டேபிளு. ஆயிரம் பீஸுல ஒரு பீஸு வேற ஆளு தெச்சதுன்னாலும் எனக்குத் தெரிஞ்சு போகும். தையல் ஒரே மாதிரிதான் இருக்கும். இழுவை மாறும். பழக்கம் மாறுறது வேறீங். இது இழுவையே மாறிக் கெடக்குது."

பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பி வைத்தேன். அந்த அம்மா கொஞ்சம் அதிகமாக யோசிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பதினோரு மணிக்கு டீ குடிக்க மையத்தின் கேண்டீனுக்குப் போனேன். பரிசோதனைக்கு வந்த பழைய நோயாளிகள் ஒன்பது பேர் நீள மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். கல்லூரி முடித்த பெண் ஒருத்தி, ரிட்டயர்டு தாசில்தார், ஸ்டீபன், கறிக்கடை வைத்திருக்கிற பாய். டீ வந்தது. ஒன்பது பேரும் கட்டைவிரலை டம்ளரின் விளிம்பில் வைத்து, மோதிர விரலை அடியில் கொடுத்து, சுண்டுவிரலை உள்ளே மடக்கித் தூக்கினார்கள். குடிப்பதற்கு முன்னால் டம்ளரை ஒரு அரைச் சுற்று திருப்பினார்கள்.

வீட்டில் என் மனைவி கல்பனா அடிக்கடி கிண்டல் செய்வாள், "டீக்குள்ள எதாச்சும் நீந்துதா, சுத்திச் சுத்திப் பாக்கறீங்க?" என்று.

என் கையில் இருந்த டம்ளரைப் பார்த்தேன். ஏற்கெனவே திருப்பியிருந்தேன்.

அறைக்குத் திரும்பிப் பொது ஃபோல்டரைத் திறந்தேன். அறுபத்திரண்டு கோப்புகள். உருவான தேதி இரண்டு வருடத்துக்கு முந்தியது. எங்கள் முதல் நோயாளி வருவதற்கும் மூன்று மாதம் முன்னால். உருவாக்கியவர் என்ற இடத்தில் என் பெயர்.

புரோகிராம் எழுதுகிறவன் அதை முதலில் தன் மேலேயே ஓட்டிப் பார்ப்பான். நானும் சோதனை உறை ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு ஒரு மாதம் ஓட்டிப் பார்த்தேன். நல்ல கை என்பதால் வலி இல்லை. எல்லாம் சுத்தமாகக் கம்பைல் ஆனது. முடிந்ததும், அப்போது பயன்படுத்திய இந்தப் பொது ஃபோல்டரைத் துடைத்திருக்க வேண்டும். மறந்துவிட்டேன். பிறகு, ஸ்டீபனுக்காக வரியை மாற்றியபோது, போகிற இடத்தில் என்ன கிடக்கிறது என்று பார்க்கவில்லை. அசைவுக்கு நான் எழுதின நிரல் மாறியிருக்கிறதா என்றுதான் புரோகிராம் பார்க்கும். யாருடைய உடம்பில் செய்தது என்று பார்க்க நான் அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. டம்ளரைப் பிடி என்ற நிரல் எல்லாருக்கும் ஒன்றுதான். தேடியது, ரெடியாக இருந்தது, எடுத்துக்கொண்டது.

இருநூற்றுப் பதினான்கு பேர்.

எதுவும் தோன்றவில்லை. பயமோ வெட்கமோ வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். வரவில்லை. எழுந்து டாக்டர் பெனாசிரைப் பார்க்கப் போனேன். அவர்தான் எங்கள் மையத்தின் தலைமை மருத்துவர்.

சொல்லி முடித்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"எல்லாருக்கும் உங்க கையா?"

"ஆமா டாக்டர்."

"கையெழுத்து?"

"எழுதறது அந்த லிஸ்ட்ல இல்லை. மத்ததெல்லாம் என்னோடதுதான்."

"சோறு பிசையறது?"

"என்னோடதுதான்."

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "நல்லாத்தானே இருக்காங்க மனோகரன். யாரும் கம்ப்ளெய்ண்ட் பண்ணலையே."

"ஒருத்தங்க பண்ணியிருக்காங்க."

விஷயம் நெறிமுறைக் குழுவுக்குப் போனது. இரண்டு வாரத்தில் முடிவு சொன்னார்கள். சிந்தாமணி அம்மாவிடம் மனு எழுதி வாங்க வேண்டும். நாச்சிமுத்துவுக்கு மட்டும் தனி ஃபோல்டர் போட்டு, அவர் உடம்பிலேயே பதினோரு நாள் கம்பைல் செய்ய வேண்டும். அவருடைய கை அவருக்கு வந்தால் மீதி இருநூற்றுப் பதிமூன்று பேரையும் கூப்பிட்டு இதையே செய்ய வேண்டும். வராவிட்டால் அவர்களை அப்படியே விட்டுவிடலாம். அறிக்கை நான் எழுத வேண்டும். நகல் ஒன்று மனுதாரருக்கு.

அவர்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு மேசைக்கு எதிரே உட்கார வைத்துச் சொன்னேன். ஃபோல்டர், நிரல் என்று ஆரம்பித்தால் புரியாது என்று, "உங்க கம்பெனில ஒரு அளவை ஒரு தடவ அட்டையில வெட்டி வெச்சுக்கிட்டு, அதையே வெச்சு எல்லாத் துணியும் வெட்டுவாங்கல்ல, அந்த மாதிரிங்க. ஆளாளுக்குத் தனி அட்டை வெட்டியிருக்கணும். ஒரே அட்டை எல்லாருக்கும் போயிருச்சு" என்றேன்.

"அந்த அட்டை ஆரோட அளவுங்?"

"என்னோடதுங்க."

சிந்தாமணி அம்மா என் முகத்தைப் பார்த்தார். பிறகு மேசை மேல் இருந்த என் வலது கையைப் பார்த்தார். நாற்காலியை ஓர் அடி பின்னால் நகர்த்தினார். முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துக்கொண்டார்.

"ஆறு மாசமா..." என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன்.

"கைய மேசைக்கு அடியில வெச்சுக்கங்க சார்."

வைத்துக்கொண்டேன்.

நாச்சிமுத்துதான் சிரித்தார். "ஏனுங் சார், அப்ப பொங்கலுக்கு என்ற மச்சானை ஒரு அறை உட்டனே, அதும் நீங்கதானுங்களா? நல்லா இருக்குதே. கேஸு கீஸுன்னு வந்தா உங்க பேரையும் சேத்துச் சொல்லிருவேன்."

"சிரிக்கறீங்களே மாமா."

"பின்ன அழுகச் சொல்றயா?"

மனுவைக் கொடுத்தேன். அந்த அம்மா என் கையிலிருந்து வாங்கவில்லை. மேசையில் வைத்த பிறகு எடுத்தார்.

பதினோரு நாள் வலி இருக்கும் என்றும், முடிவில் கை வராமலே போகலாம் என்றும் டாக்டர் பெனாசிர் நாச்சிமுத்துவைத் தனியாக உட்கார வைத்துச் சொன்னார். நானும் கூட இருந்தேன்.

"உங்க சம்சாரம் கேக்கறது இருக்கட்டும். உங்களுக்கு வேணுமா? நீங்க வேண்டாம்னு சொன்னா இதோட விட்டுரலாம்."

நாச்சிமுத்து முழங்காலில் கிடந்த கையைப் பார்த்தபடியே பேசினார். "எனக்குன்னு தனியா என்னங்க இருக்குது டாக்டரம்மா. தெரியறதுக்கு முந்தியே இந்தக் கையி பட்டா அவ சித்தெ ஒதுங்குவா. இப்பத் தெரிஞ்சும் போச்சு. நேத்து சோத்துத் தட்டு குடுக்கையில வெரலு பட்டுருச்சு. தட்டையே கீழ போட்டுட்டா. அவ ஒதுங்கறதைப் பாக்கறதுக்குக் கையி இல்லாமயே கெடக்கலாமுங்."

கையெழுத்தை இடது கையால் போட்டார்.

பதினோரு நாளும் நான் அந்த அறையில் இருந்தேன். பழைய கோப்புகளைச் சில்லிலிருந்து எடுத்ததும் கை செத்த மீன் மாதிரி மடியில் விழுந்தது. மூன்றாம் நாள் தோள் முறுக்கிக்கொண்டு நாச்சிமுத்து கட்டில் கம்பியைக் கடித்தார். கடித்த இடத்தில் பெயின்ட் உரிந்து வந்தது. நான் எண்ணிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். முந்நூற்று நாற்பது, முந்நூற்று நாற்பத்தொன்று. என் வேலை அதுதான்.

சிந்தாமணி அம்மா கம்பெனியில் லீவு சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே இருந்தார். அவர் அழவில்லை. செக்கிங் டேபிளில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்பிடி இல்லீங் மாமா. எடுத்தோன தொட மாட்டீங்க. மொதல்ல மணிக்கட்டு திரும்போணும். வெரலு லேசா மடங்கி இருக்கும். நடுவெரலு கணு இருக்குதுல்ல, அது இங்க வரும்." தன் கழுத்தில், காதுக்குக் கீழே தொட்டுக் காட்டினார். "வெச்சுட்டு ஒடனே எடுக்க மாட்டீங்க. ரண்டு மூச்சு உடுவீங்க. அப்பறந்தான் 'கஞ்சி வெக்கட்டுமா'ன்னு கேப்பீங்க."

"கஞ்சி நான் வெச்சனா?"

"வெச்சதில்ல. கேப்பீங்க."

நாச்சிமுத்து வலியிலும் சிரித்தார். மறுபடி முயன்றார். முந்நூற்று நாற்பத்திரண்டு.

இதையே அந்த அம்மா ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லியிருப்பார். ஒரு தடவைகூட வேறு மாதிரி சொல்லவில்லை. என்னிடம் மட்டும் பேசவில்லை. டீ வாங்கி வந்தால் என் டம்ளரை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுப் போவார்.

ஒன்பதாம் நாள் எனக்குத் தெரிந்துவிட்டது. அறுபத்திரண்டில் மூன்றுதான் கம்பைல் ஆகியிருந்தது. மற்றதெல்லாம் பாதியில் முறிந்து முறிந்து விழுந்தது. மூளையில் அந்த இடம் இறந்துபோயிருக்கிறது, அங்கிருந்து எதுவும் வராது என்றார் டாக்டர் பெனாசிர். பதினோராம் நாள் காலை என்னைக் கூப்பிட்டார்.

"நிறுத்திரலாம் மனோகரன். ஆனா அவரை வெறுங்கையோட அனுப்ப முடியாது. தனி ஃபோல்டர்ல இல்லாததைப் பொது ஃபோல்டர்ல இருந்து எடுத்துக்கட்டும். அந்தம்மாகிட்ட அப்புறமா நான் பேசறேன்."

அமைப்புக் கோப்பில் இரண்டாவதாக ஒரு வரி எழுதினேன். முதலில் அவருடையதில் தேடு, இல்லாவிட்டால் என்னுடையதில் தேடு. ஏற்றினேன்.

நாச்சிமுத்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார். விரலை மடக்கினார், நீட்டினார். கையைத் தூக்கினார், தூக்க முடிந்தது. சிந்தாமணி அம்மா எதிரே ஸ்டூலில் இருந்தார். உள்ளங்கை நெற்றிக்குப் போகப் போகிறது என்று நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

நிமிர்ந்தபோது அவருடைய மணிக்கட்டு திரும்பியிருந்தது. விரல்கள் லேசாக மடங்கியிருந்தன. புறங்கை அந்த அம்மாவின் கழுத்தில், காதுக்குக் கீழே இருந்தது. இரண்டு மூச்சு நேரம் அப்படியே இருந்தது.

"கஞ்சி வெக்கட்டுமா?" என்றார் நாச்சிமுத்து.

சிந்தாமணி அம்மா கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கையைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். ரொம்ப நேரம் விடவில்லை.

"இதுதானுங். இதுதானுங் சார் அவரு கையி."

பதினோரு நாளில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார். "நல்லா இருப்பீங்க" என்றார். அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும் என்று வெளியே போனார். தாழ்வாரத்தில் அவர் குரல் உயர்ந்து கேட்டது.

நான் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். ஒருவேளை கடைசி நேரத்தில் வந்திருக்கலாம் இல்லையா? இல்லை. மணிக்கட்டைத் திருப்பு, எடுத்த இடம் பொது ஃபோல்டர். மெதுவாகத் தொடு, எடுத்த இடம் பொது ஃபோல்டர். அறுபத்திரண்டில் ஐம்பத்தொன்பது அங்கிருந்துதான்.

கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். "அண்ணா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"தெரியுமுங் சார்."

"என்ன தெரியும்?"

"என்ற கையின்னா நொந்திருக்கோணும். பத்து நாளா அசைக்க அசைக்க உசுரு போச்சு. இன்னிக்குக் காலைல பஞ்சாட்டத் தூக்குது. அப்பவே நெனச்சேன், நம்ம சாரு திரும்பி வந்துட்டாருன்னு."

"அப்ப அந்தப் புறங்கை?"

"அவதான் பதினோரு நாளாப் பாடம் எடுத்தாளே. நெசமாச் சொல்றனுங், நான் எப்பிடித் தொட்டேன்னு எனக்கு நெனப்பே இல்ல. ஆரு அதையெல்லாம் பாத்துட்டுத் தொடறாங்க? அவளுக்குத்தான் நெனப்பு. மொதல்ல திருப்பு, அப்பறந் தொடு, ரண்டு மூச்சு இருன்னா. உங்க கைய வெச்சு அவ சொன்னதைச் செஞ்சு போட்டேன்." கொஞ்சம் தயங்கினார். "அவகிட்டச் சொல்ல வேண்டாமுங் சார்."

"நான் சொல்லலைங்க. ஆனா அறிக்கை எழுதணும்."

"நல்லா வந்துருச்சுன்னு எழுதீருங்."

"அப்படி எழுதினா மீதி இருநூத்திப் பதிமூணு பேரையும் கூப்பிடுவாங்க. அவங்களுக்கும் பதினோரு நாள் இதேதான். கடைசில பல பேருக்கு இதே மாதிரி வராமத்தான் போகும்."

நாச்சிமுத்து கட்டில் கம்பியைப் பார்த்தார். பெயின்ட் உரிந்த இடத்தை விரலால் தடவினார்.

"பொம்பளப் புள்ளைகளும் இருக்காங்களா அதுல?"

"இருக்காங்க."

"வேண்டாஞ் சார். அது வேண்டாம்." பிறகு, "வரலைன்னு எழுதுனா?" என்றார்.

"யாரையும் கூப்பிட மாட்டாங்க. ஆனா நகல் உங்க வீட்டுக்கு வரும். மனு குடுத்தது அவங்கதானே."

"எட்டாவது வரைக்கும் படிச்சவளுங். பஸ்ஸு டிக்கெட்டைக்கூட ஒரு எழுத்து உடாமப் படிப்பா." தாழ்வாரத்தில் அந்த அம்மா போனில் சிரிக்கும் சத்தம் வந்தது. நாச்சிமுத்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "எப்பக் குடுக்கோணுமுங்?"

"இன்னிக்கு சாயந்திரம் அஞ்சு மணிக்குள்ள."

"நாளைக்குக் குடுங்க. இன்னிக்கு ஒரு நாள் நாங்க ஊட்டுல இருந்துக்கறோம்."

நான் பதில் சொல்வதற்குள் சிந்தாமணி அம்மா உள்ளே வந்துவிட்டார். அக்கா சாயந்திரமே பார்க்க வருகிறாராம், கோழி எடுக்க வேண்டுமாம். பாத்திரம், போர்வை எல்லாம் எடுத்துப் பையில் வைத்தார். நாச்சிமுத்து வலது கையை நீட்டி, "பையக் குடு அம்மிணி" என்றார். கொடுத்தார். விரல்கள் பட்டன. அந்த அம்மா ஒதுங்கவில்லை.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ரோட்டைத் தாண்டி, கருமத்தம்பட்டி போகிற பஸ்ஸுக்கு நின்றார்கள். பஸ் வந்தது. ஏறினார்கள்.

அறிக்கையை எழுத உட்கார்ந்தேன். முயன்றவை அறுபத்திரண்டு. உருவானவை மூன்று. மற்றவை பொது ஃபோல்டரிலிருந்து எடுத்தவை. நோயாளியின் சொந்தக் கை அசைவு திரும்பவில்லை. மற்ற இருநூற்றுப் பதிமூன்று பேருக்கும் இதைச் செய்ய வேண்டாம் என்று பரிந்துரைக்கிறேன். பொது ஃபோல்டரில் உள்ளவை யாருடையவை என்ற இடத்தில் என் பெயரையும் பதவியையும் எழுதினேன்.

அப்போது மணி நாலு. கையெழுத்துப் போட்டு, மறுநாள் தேதியைப் போட்டேன்.